பேட்டரியில் சேர்ந்த சும்மா நேரம்

அந்தத் தெருவில் ஒரு மணி நேரத்தின் விலை முதலில் ஒரு கிலோ இரண்டங்குல ஆணியின் விலையாக இருந்தது. பேரம் பேசினால் முக்கால் கிலோவுக்கு இறங்கும். அரை மணி, கால் மணி என்று வாங்கியவர்களுக்கு விலை கொஞ்சம் கூடுதல். சில்லறையில் வாங்குகிறவன் எந்தச் சரக்கிலும் ஏமாறுவான், காலத்தில் மட்டும் அவனுக்கு ஏன் சலுகை? விற்றவர் இரும்புக் கடை முதலாளி. செய்தவர் அவருடைய மாப்பிள்ளை. தெருவில் அவருக்குச் சர்க்யூட்காரர் என்று பெயர்.

மாமனாருக்கு முழங்கால் வலி. தனக்குப் பிறகு கல்லாவில் மாப்பிள்ளைதான் உட்கார வேண்டும் என்று கல்யாணம் முடிந்த மறுநாளே சொல்லிவிட்டார். மாப்பிள்ளைக்கோ கடைக்கு மேலே இருந்த மாடி அறையும், அங்கே ஈயம் உருகும் வாசனையும் போதும். ஆணி நிறுப்பது என்றாலே மாடிப்படியைத் தேடுவார். ஒரு வருடம் தவணை கேட்டார். மாமனார் மூன்று மாதத்தில் ஆரம்பித்தார். ஏழில் முடிந்தது. "ஏழு மாசத்துல விலை போற மாதிரி ஒரு பொருள் செஞ்சு காட்டுங்க மாப்ளே. முடியலையா, சத்தம் போடாம வந்து தராசப் புடிங்க."

அவர் செய்யத் தொடங்கியது பேட்டரி சார்ஜர். வீட்டுக்கு வரும் மின்சாரம் ஓயாமல் ஓடுவதுபோல் தெரிந்தாலும் நொடிக்கு நூறு முறை பூஜ்யத்தைத் தொட்டுவிட்டுத்தான் மறுபடி எழுகிறது. அந்த இடத்தை ஒரு சிறு சிப் கண்டுபிடித்து, அங்கிருந்து கணக்கிட்டு, கதவை எப்போது திறந்து எவ்வளவு மின்சாரத்தை உள்ளே விடலாம் என்று முடிவெடுக்கும். திட்டத்தில் ஒரு குறையும் இல்லை. ஆனால் சர்க்யூட் பலகையின் செம்புப் பக்கத்திலிருந்து பார்த்து வரைந்த படத்தை, மேல்பக்கம் என்று நினைத்து அச்சடித்துவிட்டார். அந்தத் தொழிலில் எல்லாரும் ஒரு தடவையாவது செய்து, எல்லாரும் மறுக்கிற பிழை அது. கண்ணாடியில் பார்த்ததுபோல் இடவலம் மாறிய பலகையில், பூஜ்யத்தைக் கண்டுபிடிக்கும் அந்தச் சிப், நாலுகால் பூச்சி மாதிரி, திரும்பி உட்கார்ந்தது. வேறு யார் வீடாக இருந்தாலும் ஃபியூஸ் போயிருக்கும். இங்கே அது ஒழுங்காக வேலை செய்தது. மின்சாரம் வந்தபோதெல்லாம் கதவைச் சாத்தியது. மின்சாரம் இல்லாத அந்த இமைப்பொழுதில் மட்டும் திறந்தது. ஆறாம் மாதக் கடைசியில் பச்சை விளக்கு எரிந்தது. பேட்டரி நிறைய சும்மா நேரம்.

அதில் பல்பு எரியவில்லை, விசிறி சுற்றவில்லை. சர்க்யூட்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். அவர் மனைவி மேசையைத் துடைப்பதற்காகப் பேட்டரியின் சிவப்பு கிளிப்பையும் கறுப்பு கிளிப்பையும் எடுத்துத் தன் சட்டையில் கைக்கொன்றாக மாட்டிக்கொண்டாள். அவர் ஒரு தும்மல் போட்டு நிமிர்வதற்குள் அவள் மேசையைத் துடைத்து, காபி குடித்து, ஒரு தூக்கமும் போட்டு எழுந்திருந்தாள். "ஏங்க, இதை மாட்டிக்கிட்டா காபி ஆறவே மாட்டேங்குது. ஊதி ஊதி வாய் வலிக்குது, கடிகாரம் அப்படியே நிக்குது" என்றாள். அன்று மாலையே அவளுடைய அப்பா முழங்கால் வலியை மறந்து மாடியேறி வந்தார்.

வியாபாரம் சூடு பிடித்தது. முடிதிருத்துபவர் தினமும் அரை மணி நேரம் வாங்கி, அதில் நிதானமாகச் சாப்பிட்டார். இரட்டைக் குழந்தைகளின் தாய் மொத்தமாக ஆறு மணி நேரம் வாங்கி, அவ்வளவையும் சுவரைப் பார்த்தபடி ஆனந்தமாகச் செலவழித்தாள். தையல்காரர் தன் மணியில் நாலு நிமிடம் குறைகிறது என்று சண்டைக்கு வந்தார். ஒரு கஞ்சப்பிரபு ஒரு மணி நேரம் வாங்கி, அதில் இதைவிட மலிவாக விற்கிற கடையைத் தேடினார். "இப்பத்தான் பொருள் விலை போச்சே மாமா, என்னை விட்டுடுங்களேன்" என்றார் சர்க்யூட்காரர். "வித்தது யாரு, நீங்களா? நான்தானே வித்தேன்? அடுத்த மாசம் கல்லாவுக்கு வந்துடுங்க" என்றார் மாமனார்.

இதற்கிடையில், நொடிக்கு நூறு முறை மூச்சு விட்டுக்கொண்டிருந்த இடம் பறிபோனதால், தெருவின் மின்சாரம் களைத்துப்போயிற்று. பல்புகள் பெருமூச்சு விட்டன. மிக்ஸிகள் மதியத்துக்கு மேல் எதையும் அரைக்க மறுத்தன. நாலு நல்ல வார்த்தை சொன்னால் சட்னிக்கு மட்டும் சம்மதித்தன. லைன்மேன் வந்து கம்பத்தில் காதை வைத்துக் கேட்டார். கம்பியைப் பிடித்துக்கொண்டே நடந்து நேராகக் கடை வாசலுக்கு வந்தார். மீட்டரைத் திறந்து எண்ணினார். "நானூத்திப் பன்னெண்டு மணி நேரம் எடுத்திருக்கீங்க. அது கரண்டோட ஓய்வு முதலாளி, உங்க வீட்டுச் சொத்து இல்லை. திருப்பிக் கொடுங்க, இல்லைன்னா லைனை வெட்டிட்டு மேல இருக்கிற பலகையெல்லாம் அள்ளிட்டுப் போயிடுவேன்."

மாடி அறை இருண்டால் சர்க்யூட்காரருக்கு மிஞ்சுவது தராசுதான். விற்ற நேரத்தையோ வாங்கியவர்கள் தூங்கித் தீர்த்துவிட்டார்கள். மாமனார் அசரவில்லை. கல்லா நாற்காலியை இழுத்துப் போட்டார். "இருபது மணி நேரம் தர்றேன்."

"இருபதா! நான் என்ன கத்திரிக்காயா வாங்க வந்தேன்?"

"சரி, இருபத்தொண்ணு. உக்காருங்க."

முதல் நாள் சாயங்காலம் வரை பேரம் ஒரு அங்குலமும் நகரவில்லை. மாடிப்படியில் நகம் கடித்தபடி உட்கார்ந்திருந்த சர்க்யூட்காரருக்கு அப்போதுதான் பொறி தட்டியது. இந்த இரண்டு பேரும் காலையிலிருந்து செய்தது முழுப் பூஜ்யம். இதைவிடச் சுத்தமான சும்மா நேரம் எந்தக் கம்பியிலும் வராது. நாற்காலிக்கு ஒன்று, லைன்மேனின் முக்காலிக்கு ஒன்று எனக் கிளிப்புகளை மாட்டி, அதே பலகையை இந்தமுறை தெரிந்தே முன்பின்னாகத் திருப்பி, மறுமுனையைத் தெருக் கம்பியோடு சேர்த்தார். முதல் நாள் நேரமும் இருக்கைகளிலேயே தேங்கிக் கிடந்தது. அதுவும் வந்து சேர்ந்தது. தினமும் எட்டு மணி நேரம் வீதம் பதினோரு நாள் பேரம் நடந்தது. மூன்றாம் நாளே மிக்ஸிகள் முணுமுணுப்பை நிறுத்தின. தன்னுடைய நேரத்தையும் வரவு வைத்ததற்கு லைன்மேன் கோபித்தார். "நீங்களும் சும்மாத்தானே உக்காந்திருந்தீங்க?" என்றார் மாமனார்.

அடுத்த வாரம் மின் அலுவலகத்திலிருந்து உத்தரவு வந்தது. தெருவின் மின்சாரம் நன்றாக ஓய்வெடுக்கிறது. ஆகவே அந்தக் கல்லா நாற்காலியில் முதலாளி தவிர வேறு யாரும், குறிப்பாகப் பேரம் பேசத் தெரியாத மாப்பிள்ளை, உட்காரக் கூடாது. முதலாளியின் முழங்காலுக்கு அலுவலகச் செலவில் ஒரு மெத்தை. சர்க்யூட்காரர் உத்தரவை மூன்று முறை படித்துவிட்டு மாடியேறினார். அவர் விசிலடித்து அந்தத் தெரு கேட்டது அன்றுதான். கடைப் பேரேட்டில், கதவுக் கீலுக்கும் சங்கிலிக்கும் நடுவே, அந்தக் கணக்கு இப்படி இருக்கிறது: எடுத்தது நானூற்றுப் பன்னிரண்டு மணி. பேரத்தில் தள்ளுபடி இருநூற்று முப்பத்திரண்டு. பேசியே அடைத்தது, இரண்டு ஆளுக்கும் சேர்த்து, நூற்று எழுபத்தாறு. பாக்கி நான்கு மணி, பேச்சுவார்த்தையில் இருக்கிறது.