ஓய்வு எழுதப்படாத பன்றி

கீழே வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. இடது கையில் ரத்த அழுத்த மாத்திரையையும் வலது கையில் குடும்ப அட்டையையும் வைத்துக்கொண்டு சத்தியம் செய்தாயிற்று. ஒரு வரி பொய்யானாலும் மாத்திரை வேலை செய்யாமல் போகட்டும், அட்டையிலிருந்து பெயரை அடித்துவிடட்டும்.

நான்கு வருடங்களுக்கு முன்பு, பெசன்ட் நகர் மாதா கோவில் கொடியேற்றத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, மதியம் இரண்டு மணி பத்து நிமிடத்துக்கு, மயிலாப்பூரில் ஓர் அடுக்ககத்தின் மூன்றாவது மாடிக்கு ஒரு கள்ளிப்பன்றி படியேறி வந்தது. திறந்திருந்த கதவு வழியாக உள்ளே நுழைந்து, சாப்பாட்டு மேஜை அருகே நின்று, தன் முறை வருவதற்காகக் காத்திருந்தது. லிஃப்ட் அன்று ஓடவில்லை. ஓடியிருந்தாலும் அது படியேறித்தான் வந்திருக்கும். அதன் அட்டையில் லிஃப்டைப் பற்றி எதுவும் எழுதப்படவில்லை.

அந்த வீடு ஜாஸ்பருடையது. சாந்தோம் பங்கைச் சேர்ந்த பழைய குடும்பம். தாத்தா வாத்தியார், அப்பா வாத்தியார், ஜாஸ்பர் கணக்கு வாத்தியார். ஞாயிறு பூசை முடிந்து, சாப்பாடும் முடிந்தபின், இரண்டு முதல் நான்கு வரை அந்த மேஜையில் கற்பனை ஆட்டம் நடக்கும். ஆடுகிறவர்கள் வீரனாகவோ மந்திரவாதியாகவோ காடு மலையெல்லாம் வாயாலேயே சுற்றுவார்கள், எதிரே வரும் மிருகத்தை ஜாஸ்பர் நடத்துவார், அடி பட்டதா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். ஆடுகிறவர்கள் இரண்டே பேர். வீரனாக ஆடும் சேரன் ஜாஸ்பரின் பழைய மாணவன், சிந்தாதிரிப்பேட்டையில் அச்சகம் வைத்திருந்தான். மந்திரவாதியாக ஆடும் வைதேகி வக்கீல், மாடவீதிக்காரர். இந்த ஆட்டத்துக்கென்று வெளிநாட்டிலிருந்து வந்த புத்தகத்தில் டிராகன்கள்தான் மிகுதி. அந்த ஒரு வருடத்தில் மட்டும் பதினேழு டிராகன்களைக் கொன்றிருந்தார்கள். “இன்னும் எத்தனை டிராகனைத்தான் கொல்றது சார்? ஆத்துல தோசை வாக்கற மாதிரி ஆயிடுத்து” என்று வைதேகி ஒருநாள் மந்திரக்கோலைக் கீழே வைத்துவிட்டார். மந்திரக்கோல் என்பது ஐரினுடைய தோசைத் திருப்பிதான். ஐரின் ஜாஸ்பரின் மனைவி.

ஆகவே ஜாஸ்பர் புதிய மிருகம் தேடினார். அமெரிக்கப் பாலைவனத்தில் பெக்கரி என்றொரு பிராணி இருக்கிறது. பன்றி போலிருக்கும், ஆனால் பன்றியில்லை. கண்பார்வை மந்தம், மோப்பம் கூர்மை, பின்முதுகில் ஒரு நாற்றச் சுரப்பி, கூட்டமாக வாழும், சப்பாத்திக்கள்ளியை முள்ளோடு தின்னும். இதை ஆட்டத்துக்கு ஏற்றபடி மாற்றி ஓர் அட்டையில் எழுத மூன்று ஞாயிறுகள் ஆயின. கள்ளியில் தகராறு வந்தது. “கள்ளிக்கு எங்க சார் போவும் அது? கல்யாண மண்டபத்து வாசல்ல உடு, எச்ச இலை துன்னுட்டு ஜம்முனு கெடக்கும்” என்றான் சேரன். அப்படியே எழுதப்பட்டது, கள்ளி பெயரில் மட்டும் தங்கியது. உயிர் நாற்பத்தைந்து என்றும், தந்தத்தால் குத்தினால் ஆறுமுகப் பகடையில் விழுவதோடு இரண்டு சேர்த்து எதிராளியின் உயிர் குறையும் என்றும் முடிவாயிற்று. கூட்டம் என்ற இடத்தில், ‘ஐந்தடிக்குள் இருப்பவை இதன் கூட்டம், கூட்டத்தில் ஒன்று செய்வதை இதுவும் செய்யும்’ என்று ஜாஸ்பர் சிவப்பு மையில் எழுதினார். கடைசியில் ஓய்வு என்று ஒரு கட்டம் இருந்தது. அதை வெறுமனே விட்டுவிட்டார். வேண்டுமென்று செய்ததல்ல. பள்ளிக்கூடத்துக் கால அட்டவணையில் பதினான்கு வருடமாக அவருக்கு ஓய்வு வகுப்பே கிடையாது. அப்படி ஒரு கட்டம் எதற்கு என்பது அவருக்கு மறந்துபோயிருந்தது.

யாரும் சரிபார்ப்பதற்குள் சேரன் அதை அச்சகத்துக்கு எடுத்துப்போய் லேமினேட் செய்துகொண்டு வந்துவிட்டான். “தண்ணி ஊத்தினாலும் ஒண்ணும் ஆவாது சார்” என்று பெருமையாக மேஜைமேல் வைத்தான். அந்த மேஜையில் இரண்டு சட்டங்கள் உண்டு, இரண்டும் வைதேகி வகுத்தவை. அட்டையில் எழுதாதது எதுவும் கிடையாது. முதல் பகடை உருண்டபின் எழுதியதை மாற்றக்கூடாது. சேரன் பகடையை உருட்டினான், ஒன்று விழுந்தது, வாள் கை நழுவிக் கீழே விழுந்ததாக ஜாஸ்பர் அறிவித்தார். அப்போதுதான் படியில் குளம்புச் சத்தம் கேட்டது.

வந்த பிராணியை ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அட்டையில் உள்ளபடியே இருந்தது. உயரம் சேரனின் முழங்கால், நிறம் சாம்பல், நாற்றம் சொன்னபடி. வைதேகி அட்டையோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். ஆனால் எதிரே நின்று மூச்சுவிடுகிற ஒன்றை அடிக்கப் பகடையை எடுக்க யாருக்கும் கை வரவில்லை. மணி நான்கு ஆயிற்று. ‘இப்போது பன்றியின் முறை’ என்று குறித்து வைத்துவிட்டு எழுந்துபோனார்கள். பன்றி குளிர்சாதனப் பெட்டியின் பக்கத்தில் போய் நின்றுகொண்டது. மறுநாள் இரண்டு மணிக்கு நடக்கத் தொடங்கியது. நான்கு மணிக்கு நின்றது. அதற்கு மறுநாளும் அப்படியே. நின்றாலும் நடந்தாலும் கண்ணை மட்டும் மூடவில்லை.

இதற்கெல்லாம் அடுக்ககம் சீக்கிரமே பழகிவிட்டது. பிடித்துப்போக வந்த மாநகராட்சி ஆட்கள், தெருவில் திரிந்தால்தான் பிடிக்க முடியும், மூன்றாவது மாடியில் நிற்பது தங்கள் வேலையில் வராது என்று சொல்லி, மோர் குடித்துவிட்டுப் போனார்கள். சங்கச் செயலாளர் கஸ்தூரிரங்கனுக்கு நேர் கீழ்வீடு. அவர் தலைக்குமேல் தினமும் இரண்டு மணி நேரம் குளம்பு நடந்தது. ஒரு வாரம் பொறுத்துவிட்டு மேலே வந்தார். “ஜாஸ்பர், அது நடக்கட்டும், வேண்டாங்கலை. காலுக்கு எதையாவது போட்டுண்டு நடக்கச் சொல்லுங்கோ” என்றார். ஜாஸ்பரின் பள்ளிக்கூடத்து வெள்ளைக் காலுறைகள் இரண்டு ஜோடி அதற்கு மாட்டப்பட்டன. மொசைக் தரையில் முதல் மூன்று நாள் வழுக்கியது, பிறகு பழகிக்கொண்டது. தீனிக்கு வாழைக்காய்த் தோல், மண்டபத்து எச்சில் இலை, பெரிய வெள்ளிக்கிழமையன்று கஞ்சி. கிறிஸ்துமஸ் மூன்று முறை வந்துபோயிற்று. பன்றியின் கண்கள் சிவந்து, கீழே பை விழுந்து, நடக்கும்போது சுவரில் சாயத் தொடங்கியது.

பாதிப்பெல்லாம் செண்பகத்துக்குத்தான். அந்த வீட்டில் சமைக்கிறவர். அடையாற்றங்கரையில் பிறந்து வளர்ந்து, அங்கிருந்த வீடுகளை எடுத்தபோது ஊருக்கு வெளியே குடியேற்றப்பட்டவர். விடிவதற்கு முன் எழுந்து, இரண்டு பஸ் மாறி வந்து, அதேபோல் திரும்புகிறவர். மதியம் இரண்டிலிருந்து நான்கு வரை சமையலறைத் தரையில் பாய் விரித்துப் படுப்பார். அவருடைய நாளில் தூக்கம் என்று இருந்தது அதுதான். தி.நகரில் அதிகச் சம்பளத்துக்குக் கூப்பிட்டபோது, அங்கே மதியம் படுக்க விடுவார்களா என்று மட்டும் கேட்டார், மாட்டார்கள் என்றதும் போகவில்லை. பன்றி நடக்கும் வழி சமையலறை வழியாக. பயத்தில் அவர் பத்தடி தள்ளிக் பின்பக்கத்து பால்கனியில் உட்கார்ந்து, விழித்தபடியே இரண்டு மணி நேரத்தையும் கழித்தார். பஸ்ஸில் நின்றபடியே தூங்கிப் பணிமனை வரை போனது மூன்று தடவை. ஒருநாள் சாம்பாரில் புளி இல்லை. ஒருநாள் கொதிக்கும் எண்ணெய் கையில் கொட்டி, மணிக்கட்டு வரை வெந்துபோயிற்று.

கட்டோடு வந்த ஞாயிற்றுக்கிழமை, ஆட்டம் தொடங்கும் நேரத்தில், மேஜை அருகே வந்து நின்றார்.

“ஐரின்மா, கோச்சிக்காத. மாசக் கடைசியோட நின்னுக்கறேன்.”

“பன்னிக்குப் பயந்தா செண்பகம்?”

“அது இன்னா பண்ணும் பாவம். அதுவும் தூங்கல, என்னையும் தூங்க உடல. அது கண்ணப் பாத்தியா? என் கண்ணு மாதிரியே கீது.”

ஜாஸ்பர் சிவப்புப் பேனாவை எடுத்து, காலியாயிருந்த கட்டத்தில் ஏதாவது எழுதிவிடுகிறேன் என்றார். வைதேகி அட்டையைக் கையால் மூடினார். “லேமினேட் மேல மை நிக்காது. நின்னாலும் நான் ஒத்துக்கமாட்டேன். ரூல்னா ரூல்தான்.” ஐரின் அவரைப் பார்த்த பார்வையில் தோசைத் திருப்பி இருந்தது. செண்பகத்துக்கு எரிச்சல் வந்தது.

“மூணு வருசமா அதையே வச்சிக்கினு பாக்கறீங்களே, அப்டி இன்னாதான் எழுதிக்கீது? படி சார்.”

ஜாஸ்பர் வகுப்பில் படிப்பதுபோல் படித்தார். உயிர், தந்தம், பார்வை, மோப்பம், கூட்டம். கூட்டத்துக்கு வந்ததும் செண்பகம் கையைக் காட்டி நிறுத்தினார்.

“பக்கத்துல இருக்கறது இன்னா பண்ணுதோ அதயே இதுவும் பண்ணுமா?”

“ஐந்தடிக்குள்ள இருந்தா.”

“அப்ப, பக்கத்துல யாராச்சும் படுத்தாங்களா, மூணு வருசத்துல?”

யாரும் படுக்கவில்லை. மேஜையைச் சுற்றி எல்லோரும் நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தார்கள், அதுவும் நிமிர்ந்தே நின்றது. வைதேகி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த வரியை இரண்டு முறை படித்தார். “செல்லும்” என்றார்.

“நாத்தம் தாங்குவியாக்கா?” என்று கேட்டான் சேரன்.

“நீ ஆத்தங்கரைல இருந்து பாத்துட்டு வந்து பேசு” என்றார் செண்பகம். பாயைப் பன்றியின் காலடியில் விரித்தார். கட்டுப்போட்ட கையை மேலே வைத்துக்கொண்டு, அதற்கு முதுகைக் காட்டிப் படுத்துக் கண்ணை மூடினார். பன்றி சற்று நேரம் பார்த்தது. முன்னங்கால்களை மடக்கியது, பிறகு பின்னங்கால்களை. அதன் முதுகு அவர் முதுகில் வந்து பொருந்தியது. மூன்று வருடத்தில் முதல்முறையாக அதன் கண்கள் மூடின. இருவரில் யார் முதலில் குறட்டை விட்டார்கள் என்பதில் சேரனுக்கும் ஐரினுக்கும் கருத்து வேறுபாடு உண்டு. ஜாஸ்பர் எழுந்து மின்விசிறியை இரண்டு எண் கூட்டிவிட்டு, நாற்காலியிலேயே தலையைச் சாய்த்தார். வைதேகி அட்டையின் மேலேயே கன்னத்தை வைத்துக்கொண்டார். நான்கு மணிக்குச் செண்பகம்தான் எல்லோரையும் எழுப்பி டீ கொடுத்தார். மாசக் கடைசி வந்தது. அவர் நிற்கவில்லை.

அதிலிருந்து அந்த வீட்டில் மதியம் இரண்டு மணிக்குப் பாய் விரிக்கப்படுகிறது. ஞாயிறுகளில் நான்கு பாய். ஆட்டம் முடிந்துவிடவில்லை, இன்னும் பன்றியின் முறைதான் நடக்கிறது, அது எழுந்தால்தான் அடுத்த ஆளின் முறை. கஸ்தூரிரங்கன் மட்டும் குளம்புச் சத்தம் இல்லாமல் தூக்கம் வரவில்லை என்று கொஞ்ச நாள் குறைப்பட்டார். பிறகு குறட்டைக்குப் பழகிக்கொண்டார். காலுறைகள் வாரத்துக்கொரு தரம் துவைத்துப் பின்பக்கத்துக் கொடியில் காய்கின்றன. நான்கும் வெள்ளை.

பன்றி வந்தது, நடந்தது, படுத்தது எல்லாமே மதியம் இரண்டிலிருந்து நான்குக்குள். அந்த இரண்டு மணி நேரமும் எதிர்வீட்டில் நான் தூங்குகிறவன். நாற்பது வருடத்தில் ஒருநாள்கூட இடையில் எழுந்ததில்லை.