நான்கு மணி ஆட்டம்

அந்த வட்டார வாரப் பத்திரிகையின் கடைசிப் பக்கம் பதினெட்டு வருஷமாக அவள் கையில்தான் இருந்தது. பள்ளிக்கூட ஓட்டப்பந்தய முடிவு, நூலகக் கூட்டம், ரத்ததான முகாம் என்று ஊரில் எது நடந்தாலும் அவள்தான் டைப் செய்வாள். எந்தப் பிள்ளை உயரம் தாண்டியது, எந்தப் பள்ளிக்குப் புதுத் தலைமையாசிரியை வந்தார் என்பதெல்லாம் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். ஆனால் அவர்களில் ஒருத்தர் எதிரே வந்தாலும் அடையாளம் தெரியாது. கணவர் தவறிப்போய் ஆறு வருஷம். மகன் கடல் தாண்டி இருந்தான். ஆபீஸ் விட்டால் வீடு, வீடு விட்டால் ஆபீஸ்.

சனிக்கிழமை மதியம் சாப்பிட உட்கார்ந்தவள், தட்டுக்குப் பக்கத்தில் பத்திரிகையை விரித்தாள். மாணவிகள் வாலிபால் இறுதி ஆட்டம், மாலை நான்கு மணி. கை அப்படியே நின்றுவிட்டது. பள்ளியிலிருந்து வந்த கடிதத்தில் காலை பத்து என்றுதான் இருந்தது. மேல் வரியில் இருந்த ஓவியப் போட்டியின் நேரத்தை இதற்கும் அடித்துவிட்டாள். ஆட்டம் இந்நேரம் முடிந்திருக்கும்.

பத்திரிகை ஆசிரியருக்குப் போன் செய்தாள்.

"அடுத்த வாரம் திருத்தம் போட்டுடலாம்மா. அதைப் படிச்சிட்டு யாரு கிளம்பி வரப் போறாங்க?" என்றார் அவர்.

தட்டை அப்படியே மூடி வைத்தாள். பஸ் பிடித்து மூன்றரைக்கெல்லாம் மைதானத்து வாசலில் போய் நின்றாள். உள்ளே ஆள் அரவமே இல்லை. முதலில் ஒரு தம்பதி வந்தார்கள். விஷயத்தைச் சொன்னதும், "சரி, விடுங்க" என்று திரும்பிவிட்டார்கள். பிறகு வெகுநேரம் யாரும் வரவில்லை. ஆசிரியர் சொன்னது சரிதானோ என்று நினைத்தபோது, லாரியை ஓரமாக நிறுத்திவிட்டு டிரைவர் ஒருவர் வேர்க்க விறுவிறுக்க ஓடி வந்தார். சட்டைப்பையில் பத்திரிகை மடித்துச் செருகியிருந்தது.

"ஆட்டம் ஆரம்பிச்சிடுச்சா?"

"காலையிலேயே முடிஞ்சிடுச்சுங்க. பேப்பர்ல நேரம் தப்பு. நான்தான் டைப் பண்ணேன். தப்பு என்னோடது."

அவர் காலி மைதானத்தைப் பார்த்தார். கத்துவார் என்று எதிர்பார்த்தாள். கத்தவில்லை.

"பொண்ணு அவ அம்மாகூட இருக்கா. நாங்க பிரிஞ்சு நாலு வருஷம் ஆச்சு. அவ எங்க ஆடுறா, எப்ப ஆடுறான்னு எனக்கு யாரும்மா சொல்லுவா? இந்தப் பேப்பர்தான் சொல்லும்."

அவள் பையிலிருந்து போனை எடுத்து, கடிதம் அனுப்பியிருந்த விளையாட்டு ஆசிரியைக்கு அடித்தாள். கேட்டதை அப்படியே டிரைவரிடம் சொன்னாள்.

"நம்ம ஊர் ஸ்கூல்தான் ஜெயிச்சுது. கடைசி செட்ல பதிமூணுக்குப் பதிமூணு. அதுக்கப்புறம் ரெண்டு பாயின்டும் ஏழாம் நம்பர் பொண்ணோட சர்வீஸாம்."

"ஏழு அவதான்." அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சர்வீஸ் மேல இருந்து போட்டாளா, கீழ இருந்தா?"

அதை அவள் கேட்கவில்லை. மறுபடியும் போன் செய்து கேட்டாள்.

"மேல இருந்துதானாம்."

"நான் இருந்தப்ப கீழ இருந்துதான் போடுவா. கை எட்டாது," என்றார். சற்று நேரம் தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். போகும்போது, "இனிமே நேரத்தை ரெண்டு தடவை பாத்துக்கங்கம்மா" என்றார். குரலில் கோபமே இல்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

திருத்தம் அடுத்த வாரம் இரண்டு வரியில் வந்தது. அதைப் பற்றி ஒருவரும் போன் செய்யவில்லை.

அந்தச் சனிக்கிழமை பையன்களின் கால்பந்துப் போட்டி இருந்தது. அவள் கிளம்பிப் போய் மரப்பலகையில் ஓரமாக உட்கார்ந்தாள். கடிதங்களில் பார்த்த பெயர்களையெல்லாம் சுற்றிலும் இருந்தவர்கள் சத்தமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எந்தப் பெயர் எந்த முகத்துக்கு என்று பார்க்க அவள் கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்தாள்.

பக்கத்திலிருந்த பெண், "உங்க பையன் எந்த டீம்?" என்று கேட்டாள்.

"என் பையன் இங்க இல்ல. சும்மா பாக்க வந்தேன்."

"ஓ," என்றாள் அந்தப் பெண். பிறகு தன் மகன் பக்கம் பந்து வரவே எழுந்து கைதட்டப் போய்விட்டாள்.

இடைவேளை வரை இருந்துவிட்டுப் போகலாம் என்றுதான் இவள் நினைத்திருந்தாள். பிறகு முழுதாகவே இருந்து பார்த்துவிட்டு, இருட்டுவதற்குள் பஸ் ஏறினாள்.