குதிகாலில் வைத்த உப்பு

கோயிலுக்கு இன்னும் இரண்டு நாள் நடை பாக்கி. யாத்திரைக்காரர்கள் தங்கியிருந்த பள்ளிக்கூடத்தில் விடியும் முன்பே பாய் சுருட்டத் தொடங்கிவிட்டார்கள். அவள் மட்டும் சுவரில் சாய்ந்து குதிகால்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காலுக்கொரு கொப்புளம், நீர் கோத்துப் பளபளவென்று.

"காட்டு," என்றான் புருஷன். கல்குவாரியில் சம்மட்டி அடிப்பவன்.

"ஒண்ணும் பண்ண வேணாங்க. உடைக்காம பஞ்சு வச்சுக் கட்டிக்கச் சொன்னாரு ஸ்டியரிங் அண்ணன்."

ஸ்டியரிங் என்பது கூட நடந்துவந்த பழைய பஸ் டிரைவர்.

"ஆயுசு பூரா சீட்டுல உட்கார்ந்த மனுஷன். அவருக்குக் காலைப் பத்தி என்ன தெரியும்?"

"நானும்தான் தையல் மிஷின்ல உட்கார்ந்தே காலத்தை ஓட்டினேன். கோயில் வாசப்படி வரைக்கும் என் கால்லயே போயிடணும், அவ்வளவுதான்."

குவாரியில் புது ஆளுக்குக் கை கொப்பளித்தால் ஒரே வைத்தியம். தோலை உரித்து, உப்பை அழுத்தி, உடனே மறுபடி சம்மட்டியைப் பிடிக்க வைப்பார்கள். வலியில் உயிர் போகும். பிறகு தோல் தடித்துக் காய்த்துப் போகும். அவனுக்கும் அப்படித்தான் செய்தார்கள். அதையே அவளுக்கும் செய்தான். அவள் துண்டைக் கடித்துக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் கொட்டியது.

"பெத்தப்பகூட இப்படி எரியலடா சாமி!"

"காய்ச்சுப் போச்சுன்னா நீ குதிரை."

"குதிரைக்கு லாடம்தான் அடிப்பாங்க. உப்பா வைப்பாங்க?"

சிரித்துக்கொண்டேதான் கிளம்பினாள்.

இரண்டு பையையும் அவனே தோளில் போட்டுக்கொண்டான். அவளுக்குச் சுமை இல்லையென்றால் நடந்துவிடுவாள் என்று கணக்கு. சுமை ஏறினால் நிற்காமல் போவது அவன் பழக்கம்; நின்றால் தோள் கேட்காது. வெயில் ஏறி, டீக்கடை நிழலில் பையை இறக்கிவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது சாலையில் அவளைக் காணோம்.

வெகுநேரம் கழித்து வந்தாள். செருப்பு கையில் இருந்தது. நுனிக்காலால் ஊன்றி ஊன்றி, சாலையோர மண்ணில் வந்தாள். குதிகால் இரண்டும் ரத்தமும் புழுதியுமாகக் கூழாகியிருந்தன. கையென்றால் அடிக்கும் அடிக்கும் நடுவே கொஞ்சம் ஓய்வு கிடைக்கும். கால் ஒவ்வோர் எட்டுக்கும் முழு உடம்பைத் தாங்க வேண்டும். இவ்வளவு சின்ன விஷயம் அப்போதுதான் அவன் மண்டையில் ஏறியது.

பக்கத்தில் யாத்திரைக்காரர்களுக்காகப் போட்டிருந்த மருத்துவக் கொட்டகையில் நர்ஸ் கழுவிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"எந்தப் புண்ணியவான் இந்தத் தோலை உரிச்சது?"

அவன் வாயைத் திறப்பதற்குள், "நான்தாம்மா," என்றாள் அவள். "அரிச்சுது, பிச்சுட்டேன்."

"சும்மா விட்டிருந்தா நடந்தே போயிருப்பீங்க. இனிமே ஒரு எட்டு வைக்கக் கூடாது. வேன் வருது, ஏறிடுங்க."

நர்ஸ் நகர்ந்ததும் அவன் குந்தினான். "முதுகுல ஏறு. நான் தூக்கிட்டுப் போறேன். இதைவிடக் கனமெல்லாம் சுமந்திருக்கேன்."

"தூக்கிட்டுப் போகணும்னா பஸ்ஸு இல்லையா? நடக்கத்தானே வந்தேன்."

"ஏன் உன் மேல பழியைப் போட்டுக்கிட்டே?"

"பின்ன? அந்தப் பொண்ணுகிட்ட நீங்க திட்டு வாங்குறதையும் நான் உட்கார்ந்து பார்க்கணுமா?" கட்டுப் போட்ட காலை மெல்ல நகர்த்திக்கொண்டாள். "நீங்க நடங்க. வீட்டுல ஒருத்தராவது நடந்தோம்னு இருக்கட்டும்."

அவனுக்கு என்ன வேண்டுதல்? அவள் கூப்பிட்டாள், வந்தான். வேன் வந்ததும் அவளை ஏற்றி, அவனும் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்தான். வேன் நடப்பவர்களைத் தாண்டித் தாண்டிப் போனது. அவள் ஜன்னல் பக்கம் திரும்பி ஒவ்வொருவர் காலாகப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

"அடுத்த வருஷம் முதல்ல இருந்து நடப்போம்," என்றான்.

"கல்யாணமான வருஷத்துல இருந்து அதைத்தானே சொல்றீங்க," என்றாள் அவள், திரும்பாமலே. "அப்பல்லாம் குவாரியில லீவு விடலன்னீங்க."