மாதா மேலே ஏறிய கதை

செவேரோ வாங்கிய டாக்ஸி பழைய வண்டிதான். ஆனாலும் எங்கள் மலை நகரமான எல் ஆல்ட்டோவின் மேடுகளில் ஒரு மாதம் சவாரி அடித்தும் அது மூச்சு வாங்கியதே இல்லை. வண்டிக்கு எந்தக் கோளாறும் வரக்கூடாதென்று கோப்பகபானா மாதா கோயிலுக்குக் கொண்டுபோய் மந்திரித்தோம் பாருங்கள், அன்றைக்குத்தான் கோளாறு ஆரம்பித்தது.

பக்கத்து வீட்டுக்காரன் என்று என்னையும் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டார்கள். பாதிரியார் தீர்த்தம் தெளித்தார். செவேரோவின் மனைவி நெமேசியா வண்ணக் காகிதத் துணுக்குகளை எங்கள் தலையிலும் வண்டியிலும் அள்ளிப் போட்டாள். சக்கரங்களுக்கு பீர் ஊற்றினோம். வண்டிக்கு ஞானத்தகப்பனாக நின்றவன் அவள் அண்ணன் எலோய். மாதா படம் அச்சடித்த கெட்டி பிளாஸ்டிக் பேனர் ஒன்றை அவன் வாங்கிவந்து, வண்டியின் முகத்தை விளக்குக்கு விளக்கு மூடி, கம்பியால் முறுக்கிக் கட்டினான். அதன்மேல் மொத்தமாக ஒரு பூமாலை.

திரும்பும் வழியில் தீக்கினாவில் வண்டியோடு படகேறி ஏரியின் அக்கரை சேர்ந்து மேட்டில் ஏறும்போது, எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் சிவப்பைத் தொட்டது. பானெட்டிலிருந்து ஆவி பொங்கியது.

எலோய் முன்பு லாரி ஓட்டியவன். "தெர்மோஸ்டாட் மாட்டிக்கிச்சு மச்சான். கழட்டிக் கடாசு."

கடாசினார்கள். மறுநாளும் கொதித்தது. தண்ணீர் பம்பை மாற்றினார்கள். கொதித்தது.

"அப்ப ஹெட் கேஸ்கட்தான். நான் பாக்காத எஞ்சினா?"

செவேரோ ஆயில் குச்சியை உருவிப் பார்த்தான். கேஸ்கட் போயிருந்தால் தண்ணீர் கலந்து ஆயில் பால்காப்பி நிறத்தில் இருக்கும். இது சுத்தமாக இருந்தது. ரேடியேட்டரில் குமிழியும் இல்லை.

"கேஸ்கட்டும் வேணாம், ஒண்ணும் வேணாம்," என்றாள் நெமேசியா புருஷனிடம். "சாமியார் தீர்த்தம் தெளிக்கறப்ப நீ போனைப் பாத்துக்கிட்டு நின்ன. நான் பாத்தேன்யா."

"நீ வாங்கின பீரும் மட்டம், மச்சான்," என்றான் எலோய்.

மறுபடி மந்திரிப்பது என்று முடிவாயிற்று. இந்தத் தடவையும் எங்கள் தலையில் காகிதத் துணுக்குகள்; பழைய மாலைக்கு மேலே இன்னொரு மாலை. வண்டி படகுத்துறை வரைகூடத் தாங்கவில்லை; கோப்பகபானாவைத் தாண்டிய முதல் மேட்டிலேயே படுத்துவிட்டது.

நெமேசியா பாறையில் உட்கார்ந்து ஜெபமாலை உருட்டினாள். சூடு தணிந்ததும் செவேரோ தண்ணீர் ஊற்றி எஞ்சினைக் கிளப்பினான். எலோய் ஸ்பானரோடு வண்டிக்கு அடியில் நுழைந்தான். ரேடியேட்டருக்குக் காற்றை இழுக்கும் ஃபேன் நன்றாகவே சுற்றியது. செவேரோ தலையை யோசனையோடு சொறிந்தபோது ஒரு காகிதத் துணுக்கு கையோடு வந்தது. அதை பேனருக்கு முன்னால் பிடித்து விட்டான். அது நேராகத் தரையில் விழுந்தது. பேனரின் ஓரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இன்னொரு துணுக்கை விட்டான். அது விருட்டென்று உள்ளே பறந்து ரேடியேட்டரில் ஒட்டிக்கொண்டது.

என்னைப் பார்த்தான். நானும் பார்த்தேன்.

"வாயத் தொறக்காத," என்றான் மெதுவாக. "கட்டினது ஞானத்தகப்பன். படத்துல இருக்கறது மாதா. ரெண்டு பேர்ல யாரக் குத்தம் சொல்ல?"

அப்புறம் மனைவியிடம் போனான். அவன் குரல் அப்படிக் குழைந்து நான் கேட்டதில்லை.

"நெமேசியா, மாதாவ எங்க கட்டியிருக்கோம் பாரு. நாய் மோந்து பாக்கற உயரத்துல. சேறு அடிக்குது, பூச்சி அடிக்குது. அவங்களுக்கு அதுவா இடம்?"

அவள் கண் கலங்கிவிட்டது. "இத்தன வருஷத்துல உன் வாயிலருந்து இப்பதான்யா பக்தியா ஒரு வார்த்தை வந்திருக்கு," என்றபடி அவளே போய்க் கம்பியைப் பிரித்தாள். மாதாவும் மாலைகளும் கூரை மேல் ஏறினார்கள்.

வண்டி மேடு முழுவதும் ஏறியது. முள் அசையவே இல்லை.

"பாத்தியா! அடியில ஒரு ஹோஸ் கிளிப் லூசா இருந்துச்சு. முறுக்கி விட்டேன்," என்றான் எலோய்.

"கிளிப்பாம். மாதா மனசு குளிர்ந்துச்சு, எஞ்சினும் குளிர்ந்துடுச்சு," என்றாள் நெமேசியா.

"உனக்கு எஞ்சினப் பத்தி என்ன தெரியும்?"

"உனக்கு மாதாவப் பத்தி என்ன தெரியும்?"

படகிலும் சண்டை, அக்கரையிலும் சண்டை. கடைசியில் இருவரும் செவேரோவிடம் நியாயம் கேட்டார்கள்.

"ரெண்டு பேர் சொல்றதும் சரிதான்," என்று அவன் கியரை மாற்றினான்.

"எப்பவும் இப்படித்தான்," என்றாள் நெமேசியா அண்ணனிடம். "எதுலயும் ஒரு சொந்த அபிப்பிராயம் கிடையாது இந்த ஆளுக்கு."

அந்த ஒரு விஷயத்தில் அண்ணனும் தங்கையும் வீடு வரைக்கும் ஒத்துப்போனார்கள்.