இடது பக்கத்து சீட்

“இந்த வருசம் நான் தட்டமாட்டேன்” என்றாள் உம்மு சல்மா.

அவள் கணவர் பர்கத்துல்லா கம்பளிகளைச் சுருட்டிக் கயிறு போட்டுக்கொண்டிருந்தார். கயிறும் தார்ப்பாயும் அரிக்கேன் விளக்கும் விற்று, க்யிம்யிண்டைங் படகுத்துறைப் பக்கம் ஆயுசில் பாதியைக் கழித்தவர். கடையை மருமகனிடம் விட்டபிறகும் கைக்கு முடிச்சு மறக்கவில்லை. அவள் சொன்னது காதில் விழாததுபோல் கயிற்றை இழுத்து இறுக்கினார்.

“கேட்டுச்சா?”

“கேட்டுச்சு.”

“கேட்டுட்டும் சும்மா இருக்கீங்க.”

“வண்டி வர்ற நேரத்துல என்ன புள்ள பேச்சு இது. முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல.”

“பெருநாள்லேருந்து சொல்லிட்டுத்தான் இருக்கேன். உங்களுக்கு இன்னைக்குத்தான் காதுல விழுது.”

அவர் அடுத்த கம்பளியை இழுத்துப் போட்டார். காலையிலேயே தகரக் கூரை காய ஆரம்பித்துவிட்டது. தஞ்சான் தண்ணீர்த் திருவிழாவுக்கு இன்னும் சில நாட்கள்தான் இருந்தன. ரங்கூனில் வெயில் மனிதனைப் பிழிந்து போடுகிற இந்தச் சமயத்தில்தான் ஒவ்வொரு வருஷமும் ஐந்து கிழடுகள் ஒரு வேனில் கிளம்பி வடக்கே கலோ மலைக்குப் போவார்கள். ஊசியிலை மரங்களுக்கு நடுவே, தெரிந்த பாதிரியார் ஒருவர் இடம் கொடுக்கும் மைதானத்தில் வேனை நிறுத்திவிட்டு, பெண்கள் உள்ளே பலகையிலும் ஆண்கள் வெளியே தார்ப்பாய்க்குக் கீழேயுமாகப் பத்துப் பதினைந்து நாள் கிடப்பார்கள். கரி அடுப்பில் சமையல், குளிருக்குக் கம்பளி, சாயங்காலம் சீட்டாட்டம். மழை தொடங்கும் அறிகுறி தெரிந்ததும் இறங்கி வந்துவிடுவார்கள்.

வேன் சிங்கராயருடையது. இன்சீன் ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அடிபட்டு ஒதுக்கிப் போட்டிருந்த இரண்டு ஹைஏஸ் வேன்களைப் பிரித்து ஒன்றாக்கியிருந்தார். கூப்பனுக்குக் கிடைக்கும் பெட்ரோலில் மிச்சம் பிடித்து, மழைக்காலத்திலிருந்தே டின்களில் சேர்த்து வைப்பார். அவருக்கு வருஷம் என்பது இந்தப் பயணத்துக்காக வருவது.

பர்கத்துல்லாவுக்கு அந்த வேனில் ஒரு வேலை இருந்தது. பர்மாவில் வண்டிகள் ரோட்டின் வலது பக்கமாகப் போகும். அவர் வாலிபத்தில் இடது பக்கமாகத்தான் போய்க்கொண்டிருந்தன. அரசாங்கம் ஒருநாள் மாற்றச் சொன்னது, மாறிவிட்டது. ஆனால் ஜப்பானிலிருந்து வந்த பழைய வண்டிகளுக்கு ஸ்டியரிங்கும் வலது பக்கமே. ஓட்டுகிறவர் ரோட்டோரத்தில் உட்கார்ந்திருப்பார். முன்னால் ஒரு லாரி போனால் அதன் முதுகைத் தவிர அவருக்கு ஒன்றும் தெரியாது. எதிரே வண்டி வருகிறதா இல்லையா என்று பார்ப்பதும், “பொறு” என்றோ “போலாம்” என்றோ சொல்வதும் இடது பக்கத்து சீட்டில் இருப்பவரின் பொறுப்பு. பர்கத்துல்லா சொன்னால் சிங்கராயர் மறுபேச்சில்லாமல் ஸ்டியரிங்கைத் திருப்புவார்.

பர்கத்துல்லாவுக்குக் கண்ணில் அழுத்தம். போன பார்வை திரும்பாது, இருப்பதை மருந்து விட்டுக் காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஓரங்கள் முதலில் இருண்டன. பிறகு நடுவிலும் புகை படிந்தது. இரண்டு கோடைக்கு முன்னால் ஒரு வளைவில் அவர் “போலாம்” என்று வாயெடுத்தபோது, பின்சீட்டிலிருந்த உம்மு சல்மா அவர் தோளில் ஓங்கி அடித்தாள். “பொறு, பொறு” என்று மாற்றிச் சொன்னார். அடுத்த நொடி ஒரு பஸ் பக்கத்தில் உரசுகிற மாதிரி போயிற்று. அன்றிலிருந்து அவள் பின்னாலிருந்து ரோட்டைப் பார்ப்பாள். ஒரு தட்டு என்றால் பொறு, இரண்டு தட்டு என்றால் போலாம். சொல்வது அவர். “பாய்க்குப் பருந்துக் கண்ணு” என்று சிங்கராயர் ஊரெல்லாம் பெருமை பேசினார்.

“தௌச்சான் வரைக்கும் ரோடு அகலம். யாரும் யாரையும் கேக்க வேண்டியதில்லை” என்றாள் உம்மு சல்மா. “அதுக்குள்ள சிங்கராயர் அண்ணன்கிட்ட சொல்லிடுங்க. சொல்லாட்டி நீங்களாச்சு, உங்க ரோடாச்சு.”

“சொன்னா பயணமே நின்னு போயிரும்.”

“நிக்கட்டும்.”

அவள் குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் அவருக்குக் கஷ்டமாக இருந்தது. கோபமாக இருந்தால் சமாதானம் செய்யலாம். இது அலுப்பு.

வாசலில் ஹாரன் கேட்டது. சிங்கராயர் இறங்கி வந்து மூட்டைகளைத் தூக்கினார். பர்கத்துல்லா நடந்து பழகிய வழியில் நடந்து, கைப்பிடியைத் தொட்டுப் பார்த்து, இடது பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்தார். உம்மு சல்மா வழக்கம்போல் அவருக்குப் பின்னால் உட்கார்ந்தாள். அவள் கைகளை மடியில் வைத்துக்கொண்ட வளையல் சத்தம் அவருக்குக் கேட்டது.

இன்சீன் போகிற வழியில் சொல்லிவிடலாம் என்று நினைத்தார். “சயா” என்று ஆரம்பிக்கவும் செய்தார். சயா என்றால் பர்மியத்தில் வாத்தியார். பட்டறைக்காரர்களையும் அப்படித்தான் கூப்பிடுவது.

“சொல்லுங்க பாய்.”

“வயசாயிருச்சு நமக்கு.”

“அதை விடுங்க. என் மச்சினன் கேட்டான் பாருங்க, அத்தான், ஒரு வருசம் நான் முன்னால உக்காந்து வர்றேன்னு. டேய், அது பாய் சீட்டுடா, பாய் வராத வருசம் வண்டி கொட்டகையைவிட்டு இறங்காதுன்னுட்டேன். மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டுப் போயிட்டான்.” சிங்கராயர் சிரித்தார். “என்னமோ சொல்ல வந்தீங்க?”

“ஒண்ணுமில்ல. வெயில்.”

பின்னால் உம்மு சல்மா மூச்சு விட்டது கேட்டது.

இன்சீனில் சிங்கராயரின் மனைவி அருள்ஜோதி, புளிச்சோற்றுப் பாத்திரத்தோடும் ஜெப மாலையோடும் ஏறினாள். அந்த வேனின் கதவு இடது பக்கம், அதாவது ரோட்டின் நடுப்பக்கம் திறக்கும். சைக்கிள் ரிக்‌ஷாக்காரர்கள் திட்டிக்கொண்டே விலகிப் போனார்கள். மிங்கலாடோனில் குழந்தைவேலு ஏறினார். விமான நிலையச் சரக்குக் கிடங்கில் வேலை பார்த்தவர், மனைவி இல்லாதவர், மகள் வீட்டில் இருக்கிறார். அவர் ஏறும்போதே பேசிக்கொண்டு ஏறினார்.

“எம் மக கேக்குறா, ஏம்ப்பா, எல்லாரும் சாகப் போற வயசுல மலையேறுறீங்களேன்னு. சாமிகிட்ட போக நாங்க நடக்க வேண்டிய தூரம் கொஞ்சம் குறையுமேன்னு சொன்னேன்.”

“காலங்காத்தால சாவுப் பேச்சு எதுக்கு அண்ணே” என்றாள் அருள்ஜோதி.

“நீ மாலையை உருட்டு தாயி. அதுக்கும் ஏதாச்சும் காரணம் வேணுமில்ல.”

வேன் கிளம்பியது. ஜன்னல் காற்று அடுப்பின் முன்னால் உட்கார்ந்ததுபோல் அடித்தது. சொல்வதற்கு இன்னும் நேரம் இருக்கிறது என்று பர்கத்துல்லா தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு டயரின் சத்தம் மாறியது. தௌச்சான் முக்கு தாண்டி, ரோடு ஒடுங்கிவிட்டது.

சற்று நேரத்தில் ஒரு செங்கல் லாரி முன்னால் வந்து மாட்டிக்கொண்டது. புகையும் செங்கல் தூளும் உள்ளே வந்தன.

“என்ன பாய்?” என்றார் சிங்கராயர்.

பர்கத்துல்லா தோளைக் கொஞ்சம் பின்னால் சாய்த்துக் காத்திருந்தார். தட்டு விழவில்லை.

“பொறு.”

லாரி ஒரு மேட்டில் முனகிக்கொண்டு ஏறியது.

“இப்ப?”

“பொறு.”

அப்படியே போனார்கள். பொறு என்பதில் யாருக்கும் ஆபத்தில்லை. இதையே சொல்லிக்கொண்டு கலோ வரைக்கும் போய்விடலாம் என்றுகூட அவருக்குத் தோன்றியது. முதுகில் சட்டை ஒட்டிக்கொண்டது.

“சயா, ஒரு சைக்கிள்காரி நம்மளைத் தாண்டிப் போறா” என்றார் குழந்தைவேலு. “தலையில கூடை வேற.”

“சும்மா வாங்க வேலு.”

“கூடையில வாத்து இருக்கு. அதுவும் நம்மளைத் திரும்பிப் பாக்குது.”

அருள்ஜோதி சிரித்தாள். சிங்கராயர் சிரிக்கவில்லை. எஞ்சின் சூடாகிற வாசனை வர ஆரம்பித்திருந்தது. “என்ன பாய், எதிர்ல சத்தமே காணோமே. ரோடு காலியாத்தான இருக்கு?”

“பொறு சயா.”

“எவ்வளவு நேரம்? ரேடியேட்டர் தாங்காது. இருங்க, நானே கொஞ்சம் எட்டிப் பாத்துக்கறேன்.”

வேன் இடது பக்கம் நகர்வதைப் பர்கத்துல்லா உடம்பில் உணர்ந்தார். லாரியின் கறுப்பு, கண்ணிலிருந்து விலகியது. அதற்கப்பால் வெறும் வெளுப்பு. அந்த வெளுப்புக்குள் என்ன வேண்டுமானாலும் இருக்கலாம். தோளில் கை விழும் என்று கடைசியாக ஒருமுறை காத்திருந்தார்.

“எனக்குக் கண்ணு தெரியல, சயா” என்றார். “உள்ள வாங்க. எனக்கு ஒண்ணுமே தெரியல.”

சிங்கராயர் ஸ்டியரிங்கை வெட்டித் திருப்பினார். பாத்திரங்கள் உருண்டன. உம்மு சல்மாவின் கை அப்போதுதான் அவர் தோளைப் பிடித்தது, தட்டவில்லை, பிடித்துக்கொண்டது. எதிரே வந்த பஸ் ஹாரனை விடாமல் அடித்தபடி போயிற்று. அதன் காற்று ஜன்னல் வழியாக எல்லோர் முகத்திலும் அடித்தது.

கொஞ்ச தூரத்தில் ஒரு தூங்குமூஞ்சி மரத்தின் கீழ் வேன் நின்றது. குழந்தைவேலுகூடப் பேசவில்லை. சிங்கராயர் இறங்கிப் போய் முன்பக்கம் நின்று, பிறகு திரும்பி வந்து இடது பக்கத்து ஜன்னலில் கையை ஊன்றினார்.

“எப்பலேருந்து?”

“ரெண்டு மூணு வருசமா.”

“போன வருசம் யின்மாபின் ஏத்தத்துல மர லாரியை முந்தினமே. அது யாரு பாத்தது?”

“சல்மா.”

“அதுக்கு முந்தின வருசம்?”

“பாதி நான். பாதி சல்மா.”

சிங்கராயர் தலையை ஆட்டினார். “எம் பொண்டாட்டி பின்னால உக்காந்திருக்கா, பாய்.”

“தெரியும்.”

“தெரிஞ்சு என்ன பிரயோசனம்.”

பர்கத்துல்லா தலை குனிந்திருந்தார். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தெரிந்தது. ஆனால் அதற்கான வார்த்தை எதுவும் இந்த அளவுக்குப் போதுமானதாக அவருக்குத் தோன்றவில்லை. “நான் பஸ் புடிச்சு வீட்டுக்குப் போயிடறேன். உங்க மச்சினனைக் கூட்டிக்கிட்டுப் போங்க” என்று மட்டும் சொன்னார்.

சிங்கராயர் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றப் போனார். அருள்ஜோதி எல்லோருக்கும் பிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றிக் கொடுத்தாள். பர்கத்துல்லாவின் கையில் டம்ளரை வைத்து, அவர் விரல்கள் சரியாகப் பிடித்துக்கொண்டன என்று தெரிந்த பிறகே விட்டாள். அப்படி ஒருவர் செய்வது அவருக்குக் கூச்சமாக இருந்தது. பழகிக்கொள்ள வேண்டும்போல என்று நினைத்தார்.

சிங்கராயர் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். “தங்கச்சி” என்றார் உம்மு சல்மாவிடம். “இத்தனை நாள் பாத்தது நீங்கதானே. முன்னால வந்து உக்காருங்க. போவோம்.”

“வேணாம் அண்ணே.”

“ஊரு என்ன சொல்லும்னு பாக்காதீங்க. இங்க யாரு இருக்கா.”

“அது இல்லண்ணே.” அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். “ரெண்டு கோடையா நான் ரோட்டைத்தான் பாத்தேன். போறப்பவும் ரோடு, வர்றப்பவும் ரோடு. ராத்திரி கண்ணை மூடினா லாரி வருது. எல்லாரும் அந்தப் பள்ளத்தாக்கைப் பாரு, அந்தப் பூவைப் பாருங்கறீங்க. நான் ஒண்ணையும் பாத்ததில்ல. இந்த வருசம் மலையைப் பாக்கணும். இல்லாட்டி வீட்டுலயே இருக்கேன்.”

பர்கத்துல்லாவுக்கு இது புதிதாக இருந்தது. அவள் பயந்துபோய்த்தான் மறுக்கிறாள் என்றே அவர் எண்ணியிருந்தார்.

“நான் வேணா முன்னால வர்றேன் சயா” என்றார் குழந்தைவேலு.

“நீங்களா? எதிர்ல வர்ற லாரி யாருது, எந்த ஊரு, டிரைவர் யாரு மருமகன்னு நீங்க சொல்லி முடிக்கறதுக்குள்ள அது நம்ம மேல ஏறிடும்.”

“அதுவும் சரிதான்.”

சிங்கராயர் ரோட்டைப் பார்த்தபடி நின்றார். அவருக்கும் கால் வலி. ஒரு காலை மாற்றி மறுகாலில் நிற்பது மண்ணில் செருப்பு தேயும் சத்தத்தில் தெரிந்தது. கோபம் தீர்ந்த குரலாக இல்லை, தள்ளிவைத்த குரலாக இருந்தது அவர் பேசியது.

“யாரையும் முந்த வேண்டாம். லாரி போனா லாரி பின்னால போவோம், மாட்டு வண்டி போனா அதுக்குப் பின்னால. வண்டி சூடானா நிறுத்துவோம். நாளைக்குப் போய்ச் சேர்ற இடம் நாளான்னைக்கு.”

“நமக்கு எந்த ஆபீசுல கையெழுத்துப் போடணும்” என்றாள் அருள்ஜோதி.

“பாய், நீங்க பின்னால போய் உக்காருங்க. உங்ககிட்ட நான் இன்னும் பேசல, ஞாபகம் வெச்சுக்குங்க. மலையில போய்ப் பேசிக்கறேன்.”

“சரி சயா.”

முன்சீட்டில் அரிசி மூட்டையையும் கம்பளிக் கட்டையும் ஏற்றினார்கள். பர்கத்துல்லா கதவுச் சட்டத்தைத் தடவிக்கொண்டு பின்னால் ஏறி, உம்மு சல்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தார். ஜன்னலோரத்தை அவளுக்கு விட்டார். வேன் ஒரு வைக்கோல் வண்டிக்குப் பின்னால் மெதுவாகச் சேர்ந்துகொண்டது. குழந்தைவேலு அந்த மாடுகளின் வயதைப் பற்றி ஏதோ சொல்ல ஆரம்பித்தார்.

பெகு ஊர் வருவதற்கு முன்பே உம்மு சல்மாவின் தலை அவர் தோளில் சாய்ந்தது. வாய் லேசாகத் திறந்து, நன்றாகத் தூங்கினாள். இப்படி வண்டியில் அவள் தூங்கி அவர் அறிந்ததில்லை. தோள் மரத்தது. அவர் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

“தங்கச்சி” என்று மெல்ல அருள்ஜோதியைக் கூப்பிட்டார். “மலை தெரிய ஆரம்பிச்சா எனக்குச் சொல்லுங்க. இவளை எழுப்பணும்.”

“அது நாளைக்குத்தானே பாய் அண்ணே.”

“நாளைக்கே சொல்லுங்க” என்றார்.