ஒத்திகையில் சொன்ன பதில்

பேராசிரியர்களை ஒட்டவைப்பதுதான் அவளுக்கு வேலை. அதனால் பல்கலைக்கழகத்தில் எல்லோரும் அவளைக் கோந்து என்றுதான் சொல்வார்கள். முகத்துக்கு நேரே சொல்கிறவர்களும் உண்டு. அவள் கோபித்துக்கொண்டதில்லை. உள்ளூரக் கொஞ்சம் பெருமை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

பெரிய நிதி என்று ஒன்று இருக்கிறது. அதைத் தனி ஆளுக்குத் தர மாட்டார்கள். பல துறைக்காரர்கள் ஒன்றுசேர்ந்து, எங்களுக்கு ஓர் ஆய்வு மையம் வேண்டும் என்று கேட்க வேண்டும். நாட்டிலுள்ள பல்கலைக்கழகமெல்லாம் அதற்கு முட்டி மோதும். இதில் என்ன கூத்தென்றால், ஒன்றுசேர வேண்டியவர்கள் ஜென்மத்துக்கும் சேராதவர்கள். கெமிஸ்ட்ரிக்காரர் கம்ப்யூட்டர்க்காரரோடு பேச்சை நிறுத்தி வருஷக்கணக்காகிறது. காரணம், காரை நிறுத்துகிற இடம். நிழலில் யார் நிறுத்துவது என்று ஆரம்பித்த சண்டை, முகத்தைப் பார்த்தாலே முறைக்கிற அளவுக்கு வளர்ந்துவிட்டது. கோந்து இவரிடம் கெஞ்சி, அவரிடம் கொஞ்சி, இரண்டு பேரையும் ஒரே மேஜையில் உட்காரவைத்து, திட்ட அறிக்கையை எழுதவைப்பாள். எழுதாமல் டிமிக்கி கொடுத்தவர்களுடைய பங்கையும் அவளே எழுதுவாள்.

அறிக்கை தேறிவிட்டால் போதாது. நிதி தருகிற இடத்திலிருந்து ஒரு குழு நேரில் வந்து, நாள் முழுக்கக் கேள்வி கேட்டுத் துளைத்தெடுக்கும். அதற்கு முன்னால் கோந்து ஒத்திகை வைப்பாள். ஓய்வுபெற்ற பெரியவர்கள் இரண்டு மூன்று பேரை வரவழைத்து, வரப்போகிற குழுவைப் போல உட்காரவைத்து, ஆராய்ச்சியாளர்களை வறுத்தெடுக்கச் சொல்வாள். யார் எங்கே உட்காருவது, யார் எதற்குப் பதில் சொல்வது, யார் யாருக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுப்பது என்பது வரை அவள் கையில்தான் இருக்கும். தண்ணீர் ஊற்றுவது கெமிஸ்ட்ரிக்காரருக்கு என்று ஒதுக்கியிருந்தாள். கம்ப்யூட்டர்க்காரருக்கு ஊற்றும்போது ஒரு சிரிப்பு சிரிக்க வேண்டும் என்றும் சொல்லிவைத்திருந்தாள். பாவம், அந்த மனிதர் பல்வலிக்காரரைப் போல ஒரு சிரிப்பை வரவழைத்துக்கொண்டார்.

இந்த முறை கேட்டது நிலத்தடி நீர் மையம். கடலோரக் கிணறுகளில் உப்பு ஏறிக்கொண்டே வருகிறது, அது ஏன், எப்படித் தடுப்பது என்பதுதான் விஷயம். மையத்துக்குத் தலைவராக வரவேண்டியவர் ஒரு பெரிய பேராசிரியர். மைக்கைப் பிடித்தால் விடமாட்டார் என்பதால் மைக் என்றே அவருக்குப் பெயர். மையத்தில் நான்கு பிரிவுகள். அதில் உப்பு நீர்ப் பிரிவு கோந்துவின் கூடப்பிறந்த தங்கையுடையது.

இங்கேதான் கதை. தங்கை ஒப்பந்த வேலையில் இருந்தாள். ஒவ்வொரு வருஷமும் துறைத் தலைவரின் அறைக்கு வெளியே நின்று, நீட்டிப்புக் கேட்டு வாங்குவாள். இந்த வருஷம், இதற்குமேல் நீட்டிக்க முடியாதென்று அவர் கையை விரித்துவிட்டார். மையம் வந்தால் உப்பு நீர்ப் பிரிவின் தலைவருக்கு நிரந்தர வேலை. வராவிட்டால் வீட்டில் உட்கார வேண்டியதுதான். அம்மா அவளோடுதான் இருக்கிறாள். வாடகை, மருந்து, மளிகை எல்லாம் அந்த ஒரு சம்பளத்தில்தான் ஓடுகிறது. "அக்கா இருக்கிறவரைக்கும் உனக்கென்னடி கவலை" என்று அம்மா போகும்போதும் வரும்போதும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கோந்துவுக்கும் தன் பங்குக்கு ஒரு பயம் இருந்தது. முந்தைய இரண்டு முயற்சிகளும் மண்ணைக் கவ்வியிருந்தன. இந்தத் தடவையும் தோற்றால் உங்களுக்கென்று ஓர் அலுவலகம் எதற்கு என்று துணைவேந்தர் சிரித்துக்கொண்டே கேட்டிருந்தார். சிரித்துக்கொண்டே கேட்பவர்களிடம்தான் அவளுக்கு அதிகப் பயம்.

ஒத்திகை நன்றாகத்தான் போனது. மைக் வெளுத்து வாங்கினார். தண்ணீர் ஊற்றப்பட்டது, சிரிப்பும் வந்தது. தங்கையின் முறை வந்ததும், ஓய்வுபெற்ற பெரியவர்களில் ஒருவர் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு, உங்கள் முறை எந்த இடத்தில் தோற்கும் என்று கேட்டார். இதற்குக் கோந்து எழுதிக் கொடுத்த பதில் ஒன்று இருந்தது. சவால்கள் இருக்கின்றன, அவற்றைச் சந்திக்கும் வல்லமை எங்கள் குழுவுக்கு இருக்கிறது என்று வழவழவென்று போகிற பதில். தங்கை அதைச் சொல்லவில்லை.

"அடியில பாறை இருக்கிற இடத்துல எங்க கணக்கு தப்பாத்தான் வருது. ஏன் தப்பா வருதுன்னு எங்களுக்கு இன்னும் தெரியாது. அதைக் கண்டுபிடிக்கத்தான் இந்தப் பிரிவே. முதல் ரெண்டு வருஷம் அதுக்கே போயிடும். கண்டுபிடிக்க முடியாமலும் போகலாம்."

அவ்வளவுதான்.  மைக் தலையில் கைவைத்துக்கொண்டார். கேள்வி கேட்ட பெரியவர் கோந்துவைத் திரும்பிப் பார்த்து, இந்தப் பெண் கப்பலைக் கவிழ்த்துவிடும் என்றார். தெரியாது என்ற வார்த்தையை இந்த மாதிரி இடத்தில் யாராவது வாயில் வைப்பார்களா என்று இன்னொருவர் ஆரம்பித்தார். தங்கை மட்டும், என்ன தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று முழித்துக்கொண்டு நின்றாள். சின்ன வயதிலிருந்தே அவள் அப்படித்தான். கண்ணாடி டம்ளரை உடைத்தது யார் என்று கேட்டால், கேட்டு முடிப்பதற்குள் நான்தான் என்று வந்து நிற்பாள்.

மதியம் ஜெராக்ஸ் மிஷின் இருக்கிற சந்தில் கோந்து அவளைப் பிடித்தாள். அங்கேதான் யாரும் வரமாட்டார்கள், மிஷின் கெட்டுப்போய் மாதக்கணக்காகிறது.

"குழு வர்ற அன்னிக்கு உன் பிரிவைப் பத்தி மைக் சாரே பேசிடுவார். நீ ரெண்டாவது வரிசையில உக்காந்துக்கோ."

"என் பிரிவைப் பத்தி அவருக்கு என்னக்கா தெரியும்?"

"தெரிய வேண்டாம். பேசத் தெரியும்ல, அது போதும். நீ வாயைத் திறக்காம இருந்தாலே இந்த சென்டர் நமக்கு வந்துடும்."

தங்கை மிஷினின் காகிதத் தட்டைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள். பாறை விஷயம் இந்தத் துறையில் எல்லோருக்கும் தெரிந்ததுதானே, மறைத்தால் அசிங்கமாகாதா என்று கேட்டாள். வருகிறவர்கள் எல்லாத் துறையிலிருந்தும் வருகிறார்கள், பாறையும் மண்ணும் யாருக்கும் நினைவிருக்காது, தைரியம்தான் நினைவிருக்கும் என்றாள் கோந்து. இத்தனை வருஷ அனுபவத்தில் சொல்கிறேன் என்றும் ஒரு வார்த்தை சேர்த்துக்கொண்டாள். தங்கைக்கு அதற்குமேல் வாதாடத் தெரியாது. "சரிக்கா, நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று போய்விட்டாள். அந்தச் சரியைக் கேட்டபோது கோந்துவுக்கு அப்பாடா என்றிருந்தது, உண்மையைச் சொல்ல வேண்டும் அல்லவா.

குழு வந்த நாளில் கூடம் பளபளவென்று இருந்தது. நாற்காலிகளுக்குத் துணி மாற்றியிருந்தார்கள். குழுவுக்குத் தலைமை ஒரு வயதான அம்மாள். குரலே வெளியே வராது, ஆனால் அவர் குனிந்து ஏதாவது குறித்துக்கொண்டால் மைக்குக்கே நாக்கு உலர்ந்துபோகும். காலையெல்லாம் எல்லாம் ஒத்திகைப்படி நடந்தது. கெமிஸ்ட்ரிக்காரர் ஊற்றிக் கொடுத்த தண்ணீரைக் கம்ப்யூட்டர்க்காரர் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டார். கோந்து கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். இவ்வளவு வருஷத்தில் இவ்வளவு நன்றாக ஒட்டி அவள் பார்த்ததில்லை.

உப்பு நீர் வந்தது. மைக் எழுந்து படங்களைக் காட்டி, கையை வீசிப் பேசி முடித்தார். அந்த அம்மாள் பாறைப் பகுதிகளில் எப்படி என்று கேட்டார். அங்கேயும் எங்கள் முறை உறுதியாக நிற்கும் என்றார் மைக், கண்ணைக்கூடச் சிமிட்டாமல். அம்மாள் தலையாட்டினார். அப்புறம் பேனாவை மூடிவைத்துவிட்டு, மைக்கைத் தாண்டி இரண்டாவது வரிசையைப் பார்த்தார்.

"இது உங்க பிரிவுதானேம்மா? நீங்க ஏதாவது சொல்லணுமா?"

தங்கை எழுந்தாள். எழுந்தவள் அந்த அம்மாளைப் பார்க்கவில்லை. கதவோரம் நின்ற அக்காவைப் பார்த்தாள். சொல்லட்டுமா என்று அவள் முகமே கேட்டது.  ஒரு நொடி, சொல்லிவிடட்டுமே என்றுகூடக் கோந்துவுக்குத் தோன்றியது. ஆனாலும் துணைவேந்தரின் சிரிப்பு முன்னால் வந்து நின்றது. வேண்டாம் என்று தலையை லேசாக அசைத்தாள்.

"இல்ல மேடம். சார் சொன்னதே போதும்" என்று தங்கை உட்கார்ந்துவிட்டாள்.

அந்த அம்மாள் குனிந்து எதையோ குறித்துக்கொண்டார்.

மையம் கிடைத்துவிட்டது! வாசலில் பெரிய பலகை வைத்தார்கள். துணைவேந்தர் கோந்துவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். உங்களைப் போல ஒருவர் எல்லாப் பல்கலைக்கழகத்திலும் இருக்க வேண்டும் என்று வாயாரப் புகழ்ந்தார். மறுநாள் குழு எழுதிய முடிவைப் படித்துக்காட்ட மைக் எல்லோரையும் கூட்டினார். முதல் பாதி முழுக்கப் பாராட்டு. ஒவ்வொரு பாராட்டுக்கும் மைக் நிறுத்தி, எல்லோர் முகத்தையும் ஒருமுறை பார்த்துவிட்டு மேலே படித்தார். பிறகு உப்பு நீர் வந்தது. அங்கே அவர் குரல் சின்னதாகிவிட்டது.

பாறைப் பகுதியில் இந்த முறை தவறுவது துறையில் எல்லோரும் அறிந்த விஷயம். அந்தத் தவறை முதலில் கண்டுபிடித்து எழுதியவரே கேள்வி கேட்க வந்த குழுவில்தான் இருந்தார். இருந்தும் மையம் கேட்டவர்களில் ஒருவரும் அதை ஒப்புக்கொள்ளவில்லை. நேராகக் கேட்டபோதும் சொல்லவில்லை. பிரிவுக்குத் தலைவர் என்று காட்டப்பட்டவர் பேசவே இல்லை. தன் சிக்கலைத் தானே சொல்லாத பிரிவை நம்பி நிதி தர இயலாது. மற்ற மூன்று பிரிவுகளோடு மையத்தைத் தொடங்கலாம். இவ்வளவுதான் அதிலிருந்த சாரம்.

எல்லோரும் தங்கையைப் பார்த்தார்கள். அவள் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோந்து பதறிப்போய், இதற்கு மறுப்பு எழுதலாம், விளக்கம் கொடுக்கலாம், நானே எழுதித் தருகிறேன் என்றாள். மைக் காகிதத்தை மடித்துவைத்துக்கொண்டார். கைக்கு வந்ததைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம் மேடம் என்றார். கெமிஸ்ட்ரிக்காரர் ஆமாம் என்றார். கம்ப்யூட்டர்க்காரரும் ஆமாம் என்றார். இரண்டு பேரும் யாரும் சொல்லிக்கொடுக்காமல் ஒத்துப்போனது அன்றைக்குத்தான். கோந்து ஒட்டிய ஒட்டு அப்படிப் பிடித்திருந்தது.

மூன்று பிரிவுகள் போதும், மிக்க நன்றி என்று பதில் எழுதியதும் கோந்துதான். அது அவளுடைய வேலை. எழுதிவிட்டு அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். அழுது என்ன பிரயோஜனம் சொல்லுங்கள். பதில் போய்ச் சேர்ந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அம்மா இரண்டு பேரையும் சாப்பிட உட்காரவைத்தாள். பலகை வைத்த செய்தி அம்மாவுக்கு எப்படியோ எட்டியிருந்தது. முகமெல்லாம் பூரிப்பு. பெரியவள் தட்டில் வடையை ஒன்றுக்கு இரண்டாகப் போட்டுவிட்டு, அப்போ சின்னவளுக்கு வேலை நிரந்தரம்தானே என்று கேட்டாள். இந்த ஒரு கேள்வியைக் கோந்து எதிர்பார்த்தேதான் வந்திருந்தாள். படியேறும்போது பதிலைக்கூட ஒழுங்குபடுத்தி வைத்திருந்தாள். ஆனால் தங்கை முந்திக்கொண்டாள்.

"சென்டர் வந்துடுச்சும்மா. என் பிரிவு மட்டும் வரல. அன்னிக்கு நான் பேசாம இருந்துட்டேன்."

அம்மாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் கையிலிருந்த கரண்டியை வைத்துவிட்டுச் சின்னவளைப் பிடித்துக்கொண்டாள்.

"பேசாம இருந்தியா? வேலைபோற நேரத்துல வாயில என்ன கொழுக்கட்டையா? அக்கா அவ்வளவு பாடுபட்டு எல்லாம் சொல்லிக்கொடுத்தாளே, கேட்டப்ப ஒரு வார்த்தை சொன்னா என்ன குறைஞ்சு போயிருப்பே? அவ பேரையும் கெடுத்து, உன் பிழைப்பையும் கெடுத்துக்கிட்டு வந்து நிக்கிறே."

தங்கை சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அக்காவையே பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால்கூடத் தாங்கிக்கொண்டிருக்கலாம். சும்மா, என்ன சொல்லப்போகிறாள் என்று பார்த்தாள். நான்தான் பேசாதே என்று சொன்னேன். இவ்வளவுதான் அக்கா சொல்ல வேண்டியது. கோந்து தண்ணீரைக் குடித்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தில் தன்னைப் பற்றி இருந்த பெருமையையும் பார்த்தாள்.

"அவளைத் திட்டாதம்மா. அது கொஞ்சம் கஷ்டமான கேள்வி. யாரா இருந்தாலும் திணறித்தான் போயிருப்பாங்க" என்றாள்.

தங்கை சிரித்துவிட்டாள். சத்தமாக, கண்ணில் நீர் வருகிற அளவுக்குச் சிரித்தாள். அம்மா ஒன்றும் புரியாமல் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். தங்கை தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"பாத்துக்கோம்மா. இந்த மாதிரி பதில் சொல்லத்தான் எனக்குக் கடைசிவரைக்கும் வரல" என்று சொல்லிவிட்டு, கைகழுவப் போனாள்.