விலைபோகாத முழங்கால்

வலது முழங்காலுக்குள் ஏதோ ஒன்று நழுவியதை ஆன்சன் யாரிடமும் சொல்லவில்லை. அறையில் உடன் தங்கியிருந்த சாய்பிரசாத்துக்கு மட்டும் தெரியும். சுவரைப் பிடித்துக்கொண்டு பாத்ரூமுக்குப் போகிறவனை அவனும் எத்தனை நாளைக்குத்தான் பார்க்காததுபோல் இருப்பான்?

இருவருமே டவுன் பஸ்ஸில் கழுத்தை மடக்கிக்கொண்டு பயணம் செய்கிற உயரம். மதுரைக் கூடைப்பந்து கிளப்பின் பிழைப்பே இப்படிப்பட்ட நெட்டையர்களை வைத்துத்தான். பள்ளிக்கூடம் முடித்த கையோடு பிடித்து வந்து, சோறும் முட்டையும் போட்டு, கூடைக்கடியில் நிற்கவும் இடிக்கவும் பழக்கி, தேறியதும் வடக்கே ஏதாவது பெரிய டீமுக்குத் தள்ளிவிடுவார்கள். பதிலுக்கு அங்கிருந்து வேகமாக ஓடத் தெரிந்த குள்ளன் ஒருவன் வந்து சேருவான். போகிறவனுக்குச் சம்பளம் கூடும் என்பதால் மற்ற பையன்கள் அந்த நாளுக்காகத் தவம் கிடந்தார்கள்.

ஆன்சன் மட்டும் அந்தப் பேச்சு வந்தாலே எழுந்து போய்விடுவான். வாங்குகிற டீம் முதல் வேலையாக ஸ்கேன் எடுக்கும். எடுத்தால் முழங்கால் காட்டிக்கொடுத்துவிடும். அப்புறம் வடக்கும் இல்லை, மதுரையும் இல்லை. விளாங்குடி வீட்டில் அம்மா சகாயமேரியின் டீச்சர் சம்பளத்தில் உட்கார்ந்து சாப்பிட வேண்டியதுதான். இங்கேயே இருந்துவிட்டால் போதும், ஆட ஆட வலி தானாகச் சரியாகிவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். பயந்தவனுக்கு இந்த மாதிரி வைத்தியமெல்லாம் நன்றாகவே வரும்.

அப்போதுதான் ஜெய்ப்பூர் டீம் ஒரு நெட்டையனைக் கேட்டது. கோச் அசோக்குமார் இருவரையும் கூப்பிட்டு, நன்றாக ஆடுகிறவனை இந்த முறை தாமே வைத்துக்கொள்ளப் போவதாகவும், மற்றவன் ஜெய்ப்பூருக்குக் கிளம்பலாம் என்றும் சொன்னார்.

அன்றிலிருந்து ஆன்சன் பேய் பிடித்தவன்போல் ஆடினான். மாத்திரையை விழுங்கிவிட்டு எகிறினான். தரையில் இறங்கும்போதெல்லாம் இதோ உடையப்போகிறது என்று பல்லைக் கடித்தான். கோச் யாருக்கோ விசில் ஊதினாலும் தன் நொண்டலைத்தான் பார்த்துவிட்டார் என்று சட்டென்று காலை நேராக்கி நின்றான். எல்லாவற்றையும்விடப் பெரிய பயம் சாய்பிரசாத்தின் வாய்மேல். அவனுக்கும் ஊரைவிட்டுப் போக மனமில்லை. அவனுக்கு நிச்சயமாகியிருந்த வசுந்தராவுக்கு மதுரையில்தான் வேலை. ஆன்சனின் காலைப் பற்றி கோச்சிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவன் இங்கேயே இருந்துவிடலாம்.

அவன் சொல்லவில்லை. ஜெய்ப்பூருக்கு அவன் பெயர்தான் வந்தது. பெட்டி கட்டும்போது ஆன்சனின் முகத்தைப் பார்க்காமலே பேசினான்.

"நான்தான் போறேன்ல மாப்ள. இனி உன்னைய எங்கயும் அனுப்ப மாட்டாங்க. கோச்சுக்கிட்ட கால காட்டிரு. அம்புட்டுதான் உன்கிட்ட கேக்குறேன்."

ஆன்சனுக்கு வெட்கத்தில் அழுகை வந்துவிட்டது. இத்தனை நாளும் இவனையா சந்தேகப்பட்டோம் என்று தன்மேலேயே எரிச்சலாக இருந்தது.

மறுநாள் காலை பயிற்சிக்கு முன்பே கோச்சின் அறைக்குப் போனான். கதவைத் தட்டினான். போட்டிகள் தொடங்க இன்னும் நாள் இருக்கிறது, அதற்குள் வைத்தியம் பார்த்துவிடலாம், மறைத்ததற்குத் திட்டினால் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டான். பேன்ட்டைச் சுருட்டி வீக்கத்தைக் காட்டி, எல்லாவற்றையும் ஒப்பித்தான்.

அசோக்குமார் டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். குனிந்துகூடப் பார்க்கவில்லை.

"தெரியும்ப்பா. நீ இறங்கி நிக்கிறதப் பாத்தாலே தெரியாதா? அதனாலதான் அவன அனுப்புனேன். உன்னைய அனுப்பியிருந்தா ஸ்கேன்ல மாட்டியிருப்ப, டீலும் போயிருக்கும்."

ஆன்சன் ஆபரேஷன் என்று ஏதோ கேட்டான். ஆபரேஷன் செய்தால் சீசனே போய்விடும், டீமில் இப்போது வேறு உயரமான ஆள் இல்லை என்று அவர் பொறுமையாக விளக்கினார். டி. கல்லுப்பட்டிப் பக்கம் ஒரு பையனைப் பார்த்து வைத்திருக்கிறாராம். அவன் தேறுகிறவரைக்கும் இந்தக் கால் ஓடினால் போதுமாம்.

"விக்கிற காலுன்னா நானே பொத்திப் பொத்தி வச்சிருப்பேன்," என்றார். "இத இனி யாருப்பா வாங்கப் போறா?"

டீயைக் குடித்து முடித்துவிட்டு, விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தார். வெளியே பையன்கள் பந்து தட்ட ஆரம்பித்திருந்தார்கள். ஆன்சன் பேன்ட்டை இறக்கிவிட்டுக்கொண்டு பின்னால் போனான். மறைப்பதற்கு இனி ஒன்றுமே இல்லை. ஆனாலும் நொண்டாமல்தான் நடந்தான்.